ஆள்கடத்தல் சட்டத்துக்கு எங்கள் மாவட்டம் சொன்ன கருத்து

போன மாதம் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன் வந்தது. ராமநாதபுரம் சமூக நலத்துறை அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் பேசினாள்.

"மேடம், ஆள்கடத்தல் சட்டத்துக்கு மறுபடியும் கருத்து கேட்டிருக்காங்க. நம்ம துறையோட நிலைப்பாடு என்னன்னு எழுதணுமாம். பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். நம்ம கருத்துல பக்கம் முழுக்கப் பச்சை மையில வட்டம் போட்டிருக்கு. போலீஸ் கருத்து உங்க கையெழுத்துல இருக்கு. என்ன மேடம் நடந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோறு ஆறிப் போகும் அளவுக்குப் பேசினேன். அப்படியும் முடியவில்லை. "எழுதியே அனுப்புறேம்மா" என்று சொல்லிவிட்டேன். அதுதான் இது.

நான் தங்கச்சிமடத்துக்காரி. பேர் ஜெயமேரி. அய்யாவுக்கு நாட்டுப்படகு. தேர்வு எழுதி வேலைக்கு வந்து, பவானிசாகரில் பயிற்சி முடித்து, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் ராமநாதபுரத்துக்கே கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தேன். பயிற்சியில் எனக்கு நன்றாகப் படிந்தது ஒன்றுதான்: அரசாங்கத் தமிழ். "ஆவன செய்யப்படும்", "உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்" என்று தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவர் சிவஞானம் சார். அப்போது அவர்தான் எங்கள் மாவட்ட வருவாய் அலுவலர். உயரமான மனிதர். குரல் மட்டும் ரொம்ப மெல்லிசு. அவர் பேசினால் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. எதிரில் இருப்பவர் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுவார், அவ்வளவுதான். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

ஆள்கடத்தலுக்குப் புதிதாக ஒரு சட்டம் வரப்போகிறது, வரைவைப் பற்றி எல்லாத் துறைகளின் கருத்தையும் தொகுத்து அனுப்புங்கள் என்று மேலிருந்து வந்தது. கலெக்டர் அந்த வேலையை சிவஞானம் சாரிடம் கொடுத்தார். சார் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். துறைகளின் பதில்கள் வந்து சேர்ந்ததும் கலெக்டர் ஆபீஸில் ஒரு கூட்டம் போட்டார்.

முதலில் எங்கள் துறையின் கருத்தை எடுத்தார். நான் எழுதியது. மெதுவாக வாசித்தார்.

"'மீட்கப்பட்ட பெண்கள் அரசு இல்லங்களில் தங்க வைக்கப்பட்டு, உரிய ஆலோசனை வழங்கப்பட்டு, அவர்தம் மறுவாழ்வுக்கு ஆவன செய்யப்படும்.' நல்லா இருக்கும்மா. ஒரே ஒரு சந்தேகம். இந்தப் 'படும்' எந்த ஊர்க்காரர்?"

எனக்குப் புரியவில்லை.

"எல்லா வேலையும் அவர்தான் செய்றார். தங்க வைக்கிறதும் அவர், ஆலோசனை சொல்றதும் அவர். என் சர்வீஸ்ல எத்தனையோ ஆபீஸ் பாத்துட்டேன். ஒரு நாள் கூட அவர் வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுப் பாத்ததில்ல."

கூட்டமே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. பச்சை மைப் பேனாவை எடுத்து, நான் எழுதியிருந்த ஒவ்வொரு 'படும்' மேலும் வட்டம் போட்டார். பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. அடுத்து மற்றவர்கள் முறை வந்ததும் சிரிப்பு அடங்கியது.

காவல்துறையின் கருத்து: இந்த மாவட்டத்தில் ஆள்கடத்தல் புகார் எதுவும் வரவில்லை, இருந்தாலும் சட்டம் வந்தால் மீட்கும் அதிகாரம் காவல்துறைக்கு மட்டுமே இருக்க வேண்டும். அவர்கள் சார்பாக வந்திருந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் ராஜேஸ்வரி. சிவஞானம் சாருக்கு நேர் எதிர். அவர் ரகசியம் பேசினால் தெருமுனை வரை கேட்கும். தொழிலாளர் துறையின் கருத்து: கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஏற்கனவே இருக்கிறது, புதுச் சட்டம் தேவையில்லை. அதை எழுதியவர் உதவி ஆய்வாளர் முருகானந்தம். ஒல்லியான மனிதர். பஸ்ஸோ ரயிலோ எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. பையில் எப்போதும் எலுமிச்சம்பழம் இருக்கும். மீன்வளத் துறை ஒரே வார்த்தை எழுதியிருந்தது: "பொருந்தாது."

"படும் இல்லாத ஒரே கருத்து இவங்களோடதுதான்" என்றார் சார்.

எல்லோரையும் திருத்தி எழுதிக்கொண்டு வரச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சிமடம் சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது அந்தோணி என்னை நிறுத்தினான். எனக்குத் தூரத்துச் சொந்தம். மீன் லோடு லாரி ஓட்டுகிறவன்.

"ஜெயாக்கா, ஒரு விசயம் சொல்லணும். மேற்கால, வேற மாநிலத்துல, ஒரு மீன் கம்பெனிக்கு லோடு கொண்டு போனேன். வண்டிய ரிவர்ஸ் எடுக்கையில ஒரு பொம்பளப் பிள்ள கொரல். 'அண்ணே, அறுபத்தஞ்சு வண்டியா? ராம்நாடா?'ன்னு கேக்குது. திரும்பிப் பாத்தா ஷெட்டு சன்னல் கம்பிக்கு அங்கிட்டு நிக்குது, பின்னால இன்னுஞ் சில பிள்ளைக. 'திருப்புல்லாணிக்கு அங்கிட்டு எங்க ஊரு. போனப் புடுங்கிட்டாக. வெளிய விட மாட்டேங்குறாக. எங்கம்மாட்டச் சொல்லுங்கண்ணே'ன்னுச்சு. சூப்பர்வைசர் வரவும் பேச்ச நிப்பாட்டிருச்சு. ஊரு பேரு சொல்லுச்சு, அம்மா பேரு சொல்லுச்சு. எனக்கு மனசே கேக்கலக்கா."

டி.என். 65 என்ற நம்பர் பலகையைப் பார்த்துத் தன் ஊர் வண்டி என்று கண்டுபிடித்துக் கத்தியிருக்கிறாள் அந்தப் பெண். திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் நான் சிவஞானம் சார் அறையில் நின்றேன். அவர் ராஜேஸ்வரியையும் முருகானந்தத்தையும் வரச் சொன்னார்.

ராஜேஸ்வரி சொன்னார்: "வயசு வந்த பிள்ளைக சார். தானா வேலைக்குப் போயிருக்கும். கம்ப்ளெயின்ட் இல்லாம நாங்க எப்படிப் போறது?"

முருகானந்தம் சொன்னார்: "வேற மாநிலம் சார். எங்க எல்லைக்குள்ள வராது."

நான் சொன்னேன்: "மீட்டுக் கொண்டு வந்தாங்கன்னா எங்க இல்லத்துல வச்சுக்கலாம் சார்."

சார் எங்கள் மூன்று பேர் கருத்தையும் மேஜையில் வரிசையாக எடுத்து வைத்தார். "மூணு பேரும் உங்க கருத்துல எழுதினதையே சொல்றீங்க. தப்பில்ல. துறைன்னா ஒரு நிலைப்பாடு வேணும்தான். ஆனா அந்தப் பிள்ளைக உங்க மூணு துறையிலயும் இல்ல. ஒரு ஷெட்டுக்குள்ள இருக்காங்க. யார் போறீங்க?"

முருகானந்தம் பைக்குள் எலுமிச்சம்பழத்தைத் தேடினார்.

"படும் சாரை அனுப்புவோமா?"

முதலில் சிரித்தது ராஜேஸ்வரிதான். "கம்ப்ளெயின்ட் ஒண்ணு கையில இருந்தா நான் இன்னைக்கே கெளம்பிருவேன் சார்" என்றார்.

"கம்ப்ளெயின்ட் நடந்து வராதும்மா. நீங்க போங்க."

அன்றைக்கே நானும் ராஜேஸ்வரியும் அந்தோணி சொன்ன ஊருக்குப் போனோம். அந்தப் பெண்ணின் பேர் முத்துலட்சுமி. அவள் அம்மா ஊருக்கு வெளியே கரிமூட்டத்தில் கருவேலங்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். சேதியைக் கேட்டதும் கட்டையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அழுகை நின்றதும் புகார் என்ற பேச்சை எடுத்தோம். தயங்கினார். கூட்டிக்கொண்டு போன ஏஜென்ட் உள்ளூர்க்காரன். கூடப்போன பாண்டியம்மாள் என்ற பெண்ணுக்குச் சொந்தத் தாய்மாமன்.

"அக்கம்பக்கத்துல மூஞ்சில முழிக்கணுமே தாயி. அவன் மேல நான் எப்படி எழுதிக் குடுக்குறது?"

ராஜேஸ்வரி காக்கிச் சேலையோடு கரித்தூளில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "அவன் மேல நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா. மக எப்ப போச்சு, கடைசியா எப்பப் பேசுச்சு, அத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அந்த அம்மா சொன்னார். ராஜேஸ்வரி எழுதினார். வழக்குப் பதிவானது.

சார் முருகானந்தத்தையும் சேர்த்து அனுப்ப, மூவருமாக மதுரை போய் ரயில் மாறி மேற்கே போனோம். கூட இரண்டு பெண் போலீஸார். வழியெல்லாம் சண்டை. புதுச் சட்டம் வேண்டும் என்று ராஜேஸ்வரி. பழையதே போதும், அதையே யாரும் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்று முருகானந்தம், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு. எதிர் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் இருவரும் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்து, "விட்டுக்குடுத்துப் போங்கப்பா" என்றார். அதற்கப்புறம் ஊர் வரும்வரை இருவரும் பேசவில்லை.

அந்த ஊர் அதிகாரிகள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்கும் அவர்களுடைய நிலைப்பாடு இருந்தது. கூலித் தகராறு என்று முடித்துவிடலாமே, கம்பெனிக்காரர் சமாதானமாகப் போய்விடுவார் என்றார்கள். முருகானந்தத்தின் மதிப்பு எனக்கு அங்கேதான் தெரிந்தது. இளம் வயதில் அந்தப் பக்கம் வேலை பார்த்தவராம். அவர்கள் மொழியிலேயே பேச ஆரம்பித்தார். முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்து, அது தீரும்வரை போகக் கூடாது என்று பூட்டி வைத்தால் அது கொத்தடிமை; விடுவிப்புச் சான்று கொடுக்க வேண்டியது இந்த ஊர் வருவாய்க் கோட்ட அதிகாரி. அதே நேரம் ஏமாற்றிக் கூட்டி வந்தது ஆள்கடத்தல்; அதைப் பார்க்க எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். "ரெண்டும்தான் நடக்கணும். ஒண்ணைக் காட்டி ஒண்ணை விடக் கூடாது" என்றார். ராஜேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோருமாக ஷெட்டுக்குப் போனோம். இறால் வாடை கண்ணைக் கரித்தது. கதவில் வெளியே இருந்து பெரிய பூட்டு. மேனேஜர் ஓடி வந்தான். "பொம்பளைங்க இருக்காங்க, பாதுகாப்புக்காகப் பூட்டியிருக்கு" என்று அவன் சொன்னதை முருகானந்தம் தமிழில் சொன்னார்.

ராஜேஸ்வரியின் பழைய குரல் திரும்பிவிட்டது. "பாதுகாப்புக்குன்னா சாவி உள்ள இருக்கவங்க கையில இருக்கணும்னு சொல்லுங்க அவன்கிட்ட!"

மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. கதவு திறந்தது. ஐஸிலும் தண்ணீரிலும் விரல்கள் ஊறி வெளுத்துப்போன ஏழு பெண்கள் வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவள்தான் முத்துலட்சுமி. என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "அந்த லாரி அண்ணே நல்லாருக்காகளா?"

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் சுலபம். மேனேஜரையும் ஏஜென்ட்டையும் ராஜேஸ்வரி கைது செய்தார். ராமநாதபுரம் வந்ததும் ஏழு பேரையும் எங்கள் இல்லத்தில் வைத்தோம். விசாரணை முடியும்வரை அங்கேதான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். சாட்சி கலைந்துவிடக் கூடாது என்பது போலீஸ் பக்கத்து நியாயம். மறுவாழ்வு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நியாயம். முத்துலட்சுமி, பாண்டியம்மாள் தவிர மற்ற ஐந்து பேரும் குடும்பம் வந்து கூட்டிப் போகும்வரை இருக்கிறோம் என்றார்கள். மூன்றாம் நாள் முத்துலட்சுமி என்னை வராந்தாவில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் ஊருக்குப் போறேன்."

"போகலாம்மா. விசாரணை முடியட்டும். இங்கன உனக்குப் பாதுகாப்பு."

அவள் கேட்டைக் காட்டினாள். "அன்னைக்கு அந்தப் போலீஸ் அக்கா என்ன சொன்னாக? பாதுகாப்புன்னா சாவி உள்ள இருக்கவுக கையில இருக்கணும்னாகள்ல? இங்கன சாவி யாரு கையில இருக்கு?"

சாவி வாட்ச்மேன் கையில் இருந்தது. அவர் கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்று நகர்ந்தேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் பாண்டியம்மாள் நின்றிருந்தாள். காது கொடுத்தால்தான் கேட்கும், அவ்வளவு சின்னக் குரல்.

"என்னைய மட்டும் அனுப்பிராதீகக்கா. எங்க மாமன் ஜாமீன்ல வந்துரும்னு சொல்றாக. எங்க வீட்டுக்கு அடுத்த வீடு அது. கேட்டப் பூட்டியே வைங்க."

ஒரே ஷெட்டில் இருந்து வந்த இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் கதவு திறக்க வேண்டும், இன்னொருத்திக்குப் பூட்ட வேண்டும். நான் எழுதி வைத்திருந்த கருத்தில் இருவருக்கும் ஒரே வரி.

சிவஞானம் சாரிடம் போனேன். தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. இதை எழுதுங்க" என்றார்.

"எங்க துறை நிலைப்பாடு வேற சார். இல்லங்களைக் கூட்டணும்னு எழுதச் சொல்லி மேல இருந்து சொல்லியிருக்காங்க."

"அதையும் எழுதுங்க. பாண்டியம்மாளுக்கு இல்லம் வேணும், கேளுங்க. முத்துலட்சுமி போகணும்கிறா, அதையும் கேளுங்க. வயசு வந்தவங்களைத் தனியா உக்கார வச்சு, என்ன வேணும்னு யாராவது கேக்கணும். கேட்டா, அதன்படி செய்யணும். யார் கேக்கணும்ங்கிறதை மட்டும் மறக்காம எழுதுங்க."

முதலில் அதைக் கோர்ட்டில் செய்து பார்த்தோம். மாஜிஸ்திரேட் ஒரு இளம்பெண். ராஜேஸ்வரி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய மேலதிகாரிகள் சாட்சிகளை இல்லத்தில்தான் வைக்க வேண்டும் என்பார்கள்.

மாஜிஸ்திரேட் கேட்டார்: "இவங்களை அனுப்பிட்டா நாளைக்கு சாட்சி சொல்ல வருவாங்களா?"

ராஜேஸ்வரி முத்துலட்சுமியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "வருவாங்க மேடம். சம்மன் நானே கொண்டு போய்க் குடுக்குறேன். அனுப்புறதுல ஆட்சேபணை இல்ல."

பிறகு மாஜிஸ்திரேட் எங்களையெல்லாம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்களை ஒவ்வொருவராகத் தனியே விசாரித்தார். முத்துலட்சுமி அன்று சாயங்காலமே அம்மாவோடு ஊருக்குப் போனாள். பாண்டியம்மாள் தன் விருப்பப்படி இல்லத்துக்குத் திரும்பினாள்.

அப்புறம் நாங்கள் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கருத்தை எழுதினோம். காவல்துறைப் பத்தியை ராஜேஸ்வரி சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அவர் கையெழுத்தை அவராலேயே வாசிக்க முடியாது. மீட்கப் போகும்போது மற்ற இரண்டு துறையும் கூட வர வேண்டும் என்று எழுதச் சொன்னார். முருகானந்தம் பழைய சட்டமே போதும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. புதியது வந்தால் இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரி சேர்த்தார். எங்கள் துறைக்கு நான் இல்லத்தையும் கேட்டேன், முத்துலட்சுமிக்கான பத்தியையும் எழுதினேன். மீன்வளத் துறை கூட, மீன் கம்பெனிகளுக்கு ஆள் சேர்க்கிற ஏஜென்ட்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதியது. சார் எல்லாவற்றையும் வாசித்தார். பச்சைப் பேனா மூடியைக் கழற்றவில்லை.

சென்னையில் நடந்த ஆலோசனைக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். பெரிய ஹால். எல்லா மாவட்டமும் வந்திருந்தது. எங்கள் முறை வந்ததும் மேடையில் இருந்த உயர் அதிகாரி கண்ணாடியை இறக்கினார்.

"ராமநாதபுரம் கருத்து ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கே? இல்லமும் வேணும்ங்கிறீங்க, இல்லத்துல வைக்கக் கூடாதுன்னும் சொல்றீங்க. மாவட்டத்தோட நிலைப்பாடு எது?"

சிவஞானம் சார் எழுந்தார். பதில் சொல்வார் என்று பார்த்தால், மைக்கை என் பக்கம் நகர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தேன். அரசாங்கத் தமிழ் ஒன்று கூட வரவில்லை. அந்த இரண்டு பெண்களைப் பற்றி, அவர்கள் பேரைச் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன். "முரண் இல்லீங்க சார். ஆளு ரெண்டு" என்று முடித்தேன்.

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். டீ இடைவேளையில் நாலைந்து மாவட்டத்துக்காரர்கள் எங்கள் கருத்துக்கு நகல் கேட்டார்கள். சமோசா நன்றாக இருந்தது. அதற்கப்புறம் அந்த வரைவு எங்கே போனது, எங்கள் பத்தி அதில் ஏறியதா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சிவஞானம் சார் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போனார்.

வழக்கு மட்டும் நடந்தது. இழுத்து இழுத்து நடந்தது. முத்துலட்சுமி ஒரு வாய்தாவுக்கும் வராமல் இருந்ததில்லை. கரிமூட்டத்தில் இருந்து நேராக வந்த மாதிரி சில நாள் கையெல்லாம் கறுப்பாக இருக்கும். சாட்சி சொன்ன நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "நீயா சம்மதிச்சுத்தானேம்மா வேலைக்குப் போன?"

"ஆமாய்யா. போறதுக்குச் சரின்னேன். திரும்பி வாரேன்னு சொன்னப்ப விடலையே. அதுக்கு யாரும் எங்கிட்டச் சம்மதம் கேக்கல."

ஜட்ஜ் தலை நிமிர்ந்தார். அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

தீர்ப்பு நாளன்று நான் ஓய்வு பெற்றிருந்தேன். இருந்தாலும் போனேன். ஏஜென்ட்டுக்கும் மேனேஜருக்கும் தண்டனை. போலீஸ் வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு போனதைப் பாண்டியம்மாள் கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தாள். இதற்குள் அவள் இல்லத்தை விட்டு வெளியே வந்து, ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கியிருந்தாள். இத்தனை நாளில் ஊருக்கு ஒரு தடவை கூடப் போகவில்லை. மாமன் ஜாமீனில் அடுத்த வீட்டிலேயே இருந்தான்.

வேன் மறைந்ததும் என் முந்தானையைத் தொட்டாள். "அக்கா, நான் ஊருக்குப் போகணும். இப்பவே."

"வாடி, நானும் அங்கனதான போறேன்" என்றாள் முத்துலட்சுமி.

ராஜேஸ்வரியும் வந்தார். முருகானந்தம், "டவுன் பஸ்தானே, சமாளிச்சுருவேன்" என்று எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டார். பாண்டியம்மாளை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தோம். திருப்புல்லாணியில் கூட்டம் இறங்கியது. பஸ் உள்ளே திரும்பிக் கருவேலங்காட்டுக்கு நடுவே போனது. பின்னால் ராஜேஸ்வரியும் முருகானந்தமும் புதுச் சட்டமா பழைய சட்டமா என்று மறுபடியும் ஆரம்பித்திருந்தார்கள். முத்துலட்சுமி தூங்கிவிட்டாள். நான் பேச்சுச் சுவாரசியத்தில் வெளியே பார்க்கவில்லை. கண்டக்டரும் பார்க்கவில்லை. நாங்கள் இறங்க வேண்டிய ஊர் நிழற்குடையைப் பஸ் கடந்தே போய்விட்டது.

பாண்டியம்மாள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்:

"எறக்கம் இருக்கு! நிப்பாட்டுங்க!"